மேல் எஃப்போடு நின்ற பியானோ

"பெட்டியத் தொறந்து கம்பி முறுக்கறதுக்கா பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணினே?"

என் தாய்மாமன் இப்படிக் கேட்டதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய பியானோக்களைச் சரிசெய்து விற்கும் கடையொன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்லத்தான் லட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். யாங்கோனில் தாமுவே சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில், இங்கே பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளிப் படிப்பை முழுவதும் முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்பா பர்மிய எழுத்தில் பேருந்துப் பலகையை மட்டும் படிப்பார். ஆகவே நான் ஏதாவது ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரப் போகிறேன் என்று உறவில் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

"கம்பி முறுக்கறதுக்கும் படிப்பு வேணும் மாமா" என்றேன்.

"ஓகோ! அப்ப நம்ம சைக்கிள்கடைக்காரரு எம்.ஏ.வா?"

மறுபடியும் சிரிப்பு. மாமா துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர். பியானோ என்பது அவருக்குக் கப்பலிலிருந்து இறங்கும் கனமான மரப்பெட்டி, அவ்வளவுதான். தோளில் அதன் எடையை அறிந்தவரிடம் உள்ளே இருப்பதைப் பற்றி நான் எப்படி விளக்குவது? லட்டை நீட்டினேன். இரண்டு எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடையிலிருந்துதான் இப்போது விடைபெற்றிருக்கிறேன். முப்பதைத் தாண்டிச் சில வருடங்களே ஆன ஒருத்தி 'ஓய்வு' என்று சொன்னால் கேட்பவர்கள் என் முகத்தையும் தலைமுடியையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். என் வலது மணிக்கட்டின் தசைநார் தேய்ந்துவிட்டது. சுருதி சேர்க்கும் சாவியை இனி இந்தக் கையால் பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடையில் எனக்குப் பின்னால் வந்த சூசூவும் எயியும் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு சுருதி சேர்க்கிறார்கள். கடைசி வருடங்களில் நானும் அப்படித்தான் செய்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வழியனுப்பு நாளில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சூசூ கேட்டாள்: "அமா, நீங்க பார்த்ததிலேயே கஷ்டமான பியானோ எது?" அமா என்றால் அக்கா. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கோயில் வகுப்பில் நான் கற்ற எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பர்மிய மொழியில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

முதலில் வேலையைப் பற்றி. நான் கற்ற காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் தூசி துடைத்தேன். பிறகு பூச்சி அரித்த கம்பளித் துண்டுகளை மாற்றினேன். பிறகு மற்றவர்கள் சுருதி சேர்க்கும்போது டார்ச் பிடித்தேன். டார்ச் பிடித்து நின்றபோதுதான் காது பழகியது. அதன் பிறகு கடை என்னை பாங்காக்குக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். அன்று மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு மாமா உட்பட எல்லாரும் வந்தார்கள்.

பியானோவில் பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று மூன்று கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் முனையும் ஓர் இரும்பு முளையில் சுற்றப்பட்டிருக்கும். அந்த முளைகள் எல்லாம் மேலே ஒரு தடித்த பலகையில் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். மூன்றில் இரண்டு கம்பிகளுக்கு இடையே கம்பளியைச் செருகி வாயடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பிறகு அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். இரண்டும் கொஞ்சம் வேறுபட்டால் ஒலி அலையலையாக ஆடும். சாவியால் முளையை மெல்லத் திருப்பத் திருப்ப அலை நீண்டு, சோம்பேறியாகி, நின்றுவிடும். அந்த நிற்கும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்ட முதல் நாள் நான் பேருந்தில் நின்றுகொண்டே சிரித்தபடி வீட்டுக்குப் போனேன்.

முளையைத் திருப்புவது சுலபம். திருப்பிய இடத்தில் அது உட்கார வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஏற்றி, ஒரு மயிரிழை இறக்கி, மரம் அதைப் பிடித்துக்கொண்டதா என்று உள்ளங்கையால் உணர வேண்டும். மரம் பிடிக்கவில்லையென்றால் எந்தக் காதும் எந்தச் செயலியும் உதவாது.

எங்கள் தலைவர் கோ அவுன் லின். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். மடிப்புக் கலையாத லுங்கி, வெள்ளைச் சட்டை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் நேராகப் பியானோவிடம் போகவே மாட்டார். உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். கூரையைப் பார்ப்பார். "மழை எந்தப் பக்கம் அடிக்கும்?" என்பது முதல் கேள்வி. "மேல்மாடியில் யார் இருக்கிறார்கள்?" என்பது இரண்டாவது. யாங்கோனில் பியானோவைக் கெடுப்பது வாசிப்பவர்கள் அல்ல, ஈரம்தான். அதனால்தான் இங்கே பியானோ வைத்திருக்கும் எல்லா வீடுகளிலும் அதற்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு வைத்திருப்பார்கள், குஞ்சு பொரிக்கும் பெட்டி போல. இரவும் பகலும் எரியும் அந்த மெல்லிய சூடு மரத்தில் ஈரம் இறங்காமல் காக்கும்.

அவர் பியானோவைத் திறக்கத் தொடங்கும்போது கதையையும் தொடங்குவார். உள்ளே கரப்பான்பூச்சி இருக்கும், எலி கூடு கட்டியிருக்கும், குழந்தைகள் போட்ட பிஸ்கட் இருக்கும். வீட்டுக்காரர் அதைப் பார்த்து வெட்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் கதை. அவருடைய கதைகளின் நாயகர் எப்போதும் ஒருவரே: வியன்னாவில் வாழ்ந்து, காது கேட்காமல் போன பிறகும் சொனாட்டா என்னும் நீண்ட பியானோ இசைக்கோவைகளை எழுதிக்கொண்டே இருந்த அந்த மனிதர். இசை தெரிந்தவர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டாம். எங்கள் கடையில் அவருக்கு 'நாபின் ஸயாஜி' என்று பெயர். செவிட்டு வாத்தியார் என்று அர்த்தம், மரியாதையோடு.

ஸயாஜி இசை எழுதும்போது தலை சூடாகிவிட்டால் அறைக்குள்ளேயே குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொள்வாராம். அது தரை வழியாகக் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டுமாம். அதனால் வீடு மாற்றிக்கொண்டே இருந்தாராம். இந்தக் கதையை ஒரு மாடி வீட்டில் சொன்னபோது, மேலிருந்து ஒழுகும் தண்ணீரால் நொந்துபோயிருந்த அந்த வீட்டு அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"பெரிய ஸயாஜியா இருக்கட்டுமே! எங்க மேல்மாடியில இருந்திருந்தா நான் வார்டு ஆபீசுக்கே போயிருப்பேன்."

"அவருக்கு நீங்க கத்தறது கேட்காதே" என்றார் கோ அவுன் லின், தலையைப் பியானோவுக்குள் விட்டபடி.

கதைகள் உண்மையா என்று பார்க்க நான் அந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்தில் படித்தேன். குடிகாரத் தகப்பன் சின்னப் பையனைத் தூக்கத்திலிருந்து இழுத்து வந்து பியானோ முன்னால் நிறுத்தியது, பதினெட்டு வயதிலேயே தம்பிகளுக்காகக் குடும்பப் பொறுப்பை ஏற்றது, புகழ் வந்து சேர்ந்த நேரத்தில் காதில் இரைச்சல் தொடங்கியது எல்லாம் அதில் இருந்தன. என் தொழில் சம்பந்தமாக ஒன்று மனத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் இளைஞராக இருந்தபோது பியானோ சிறியது. ஐந்து ஸ்தாயிதான். மேலே எஃப் என்னும் சுரத்தின் கட்டையோடு முடிந்துவிடும். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்பவர்கள் அதை நீட்டிக்கொண்டே போனார்கள். பிற்காலத்தில் லண்டனிலிருந்து ஒருவர் கப்பலில் ஒரு பெரிய பியானோவை அனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. முதல் சொனாட்டாக்கள் அந்தச் சிறிய பியானோவுக்காக எழுதியவை. கடைசிச் சொனாட்டாக்கள், புதிதாகக் கிடைத்த உயரமான கட்டைகளில் ஏறி, அங்கே நட்சத்திரம் போல நடுங்கிக்கொண்டு நிற்கும்.

இனி சூசூ கேட்ட பியானோ.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் ஞானராஜ் அங்கிளின் வீடு. அவர் கத்தோலிக்கத் தமிழர். மிஷன் பள்ளியில் படித்து, கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எஸ்தர் அக்கா. ஒரே மகள் கிரேஸ். அப்பா அம்மா பேசும் தமிழ் எல்லாம் கிரேஸுக்குப் புரியும். பதில் மட்டும் பர்மிய மொழியில்தான் வரும். அவர்கள் வீட்டில் இருந்தது பழைய இங்கிலாந்துப் பியானோ. ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து வந்தது.

ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை கோ அவுன் லினும் நானும் பாலம் கடந்து அங்கே போனோம். கிரேஸ் வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். நேரில் தேர்வு கிடையாது. ஒரு சொனாட்டா முழுவதையும், இடையில் நிறுத்தாமல், வெட்டாமல், ஒரே படமாக எடுத்து அனுப்ப வேண்டும். மின்சாரக் கீபோர்டு கூடாது. உண்மையான பியானோவாக இருக்க வேண்டும். ஞாயிறு மாலை கடைசி. ஸயாஜியின் கடைசிச் சொனாட்டாக்களில் ஒன்றை அவள் ஒரு வருடமாகத் தயார் செய்திருந்தாள். ஆனால் இரண்டு வாரமாக மேல்கட்டைகள் பாத்திரம் உருட்டுவது போல ஒலிக்கின்றன என்று சொல்லித்தான் எங்களை அழைத்தார்கள்.

கோ அவுன் லின் தண்ணீர் குடித்தார். கூரையைப் பார்த்தார். தகரக் கூரை.

"மழை எந்தப் பக்கம் அடிக்கும், ஊலே?" ஊலே என்றால் பெரியவரைக் கூப்பிடும் 'மாமா'.

"எல்லாப் பக்கமும்தான் அடிக்குது. ஆனா பியானோவுக்கு ஒரு சொட்டு படல. நான் பாத்துக்கறேனே!" என்றார் அங்கிள் பெருமையாக.

மேல்மூடியைத் திறந்தேன். பழைய பியானோ என்பதால் முளைப்பலகை இரும்புச் சட்டத்துக்குள் மறைந்திருக்கவில்லை. மரம் வெளியே தெரிந்தது. வலது ஓரத்தில், மெல்லிய கம்பிகளின் முளைகளுக்கு நடுவே, நீளமாக ஒரு வெடிப்பு. முளை முளையாகச் சாவியை வைத்துப் பார்த்தேன். எஃப்புக்கு மேலே இருந்த எதையும் மரம் பிடிக்கவில்லை. திருப்பினால் வந்தது, விட்டால் திரும்பிப் போனது, சேற்றில் நட்ட குச்சி போல. வெடிப்பின் முனை மேல் எஃப்பின் முளைகளைத் தொட்டு நின்றிருந்தது.

வெடிப்புக்கு நேர் எதிரே, ஒரு கம்பிக் கொக்கியில், பெரிய பல்பு ஒன்று தொங்கியது. வழக்கமாக வைக்கும் சின்ன பல்பு அல்ல. கல்யாண வாசலில் போடுவது. பக்கத்து மரம் பழுப்பேறியிருந்தது.

யாரும் கேட்காமலே அங்கிள் விளக்கினார். "கரண்ட்டு நாளுக்குக் கொஞ்ச நேரம்தான் வருது. சின்ன பல்பு என்னா செய்யும்? அதான் பெரிசாப் போட்டேன். வர்ற நேரத்துக்குள்ள எல்லாம் காஞ்சிடட்டும்னு. மெல்லிசுக் கம்பிதானே மொதல்ல துருப்பிடிக்கும்? அதனால மேல மாட்டினேன்."

இப்படியொரு தவறை அன்பும் மின்வெட்டும் சேர்ந்த ஒரு வீட்டில்தான் செய்ய முடியும். மழைக்கால ஈரம் ஏறிய மரத்தைத் திடீர்ச் சூடு உலர்த்தியிருந்தது. மின்சாரம் போனதும் அது மறுபடி ஊறியிருந்தது. இப்படியே மாதக்கணக்கில். நான் கோ அவுன் லினைப் பார்த்தேன். வீட்டுக்காரர் செய்த தவறை வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. அவர் ஸயாஜியின் கதையைத் தொடங்கவில்லை. அதிலேயே நிலைமை எனக்குப் புரிந்தது.

"மேல்பகுதி நிக்காது, ஊலே" என்றார். "பலகையையே மாத்தணும். அது மாசக்கணக்கு வேலை. எங்க கடையில அத செய்யறதும் இல்ல."

"உங்க கடைப் பியானோவுல வாசிச்சுப் படம் எடுக்கலாமே?" என்று கேட்டார் எஸ்தர் அக்கா.

கடை பெரிய தெருவில் இருந்தது. மின்சாரம் இருந்தால் பேருந்து இரைச்சல், இல்லாவிட்டால் வரிசையாக ஜெனரேட்டர்கள். ஒரு பியானோவை லாரியில் ஏற்றி இங்கே கொண்டு வரலாம். ஆனால் மழையில் பாலம் கடந்து வந்த பியானோ ஒரு வாரத்துக்குச் சுருதியில் நிற்காது. ஒவ்வொரு வழியாகச் சொல்லச் சொல்ல அங்கிளின் குரல் ஏறியது.

"ஒரு வருஷமா அதையேதான் வாசிக்கிறா! சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலை இவ்வளவுதானா?"

கிரேஸ் எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய இசைத்தாள் தொகுப்பை எடுத்து வந்தாள். இரண்டு மூன்று பக்கங்களை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பர்மிய மொழியில் கேட்டாள்: "அமா, எஃப் வரைக்கும் நிற்குமா?"

"எஃப்பைப் பிடித்துக் கட்டிவிடலாம். அதற்குக் கீழே எல்லாம் நன்றாக இருக்கிறது."

"இந்தச் சொனாட்டா எஃப்புக்கு மேலே போகவே போகாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வாசித்தேன்."

அவள் காட்டியது ஸயாஜி தன் இருபதுகளில் எழுதிய சொனாட்டா. "அப்போ அவர்கிட்ட இருந்த பியானோவே அங்கதான் முடிஞ்சுது" என்றேன், தமிழில், அங்கிளுக்கும் கேட்கும்படியாக.

அங்கிள் ஏற்கவில்லை. "பெரிய சொனாட்டாவ விட்டுட்டுச் சின்னப்புள்ளப் பாட்டா? காலேஜ்காரன் சிரிப்பான்."

"சின்னப்பிள்ளைப் பாட்டு இல்லை அப்பா" என்றாள் கிரேஸ், கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல். "அதைவிடக் கஷ்டம். இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை."

"அப்படி என்னாதான் ஆச்சு இந்தப் பலகைக்கு? நல்லாத்தானே..." என்று பியானோவுக்குள் எட்டிப் பார்த்தவர் நிறுத்தினார். பழுப்பேறிய மரத்தைப் பார்த்தார். அதற்கு எதிரே தொங்கிய பல்பைப் பார்த்தார்.

"மழை, ஊலே" என்றார் கோ அவுன் லின் உடனே. "இந்த வருஷம் எல்லா வீட்லயும் மழை பண்ணின வேலை."

அங்கிள் பல்பைக் கழற்றினார். அதைக் கைக்குட்டையால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "எது வேணுமோ அத வாசிம்மா" என்றார்.

அன்று மாலை வரை வேலை. எஃப்பின் மூன்று முளைகளையும் அதற்கு அடுத்த கீழ்க்கட்டையின் மூன்றையும் வெளியே எடுத்தோம். உப்புத்தாளைச் சிறு பட்டையாக வெட்டித் துளைக்குள் உறைபோல வைத்து, முளையை மறுபடி அடித்து இறக்கினோம். மேலே இன்னொரு தொல்லை இருந்தது. பியானோவின் மிக உயர்ந்த கட்டைகளுக்கு ஒலியை அடக்கும் கம்பளி கிடையாது. கீழே எதை வாசித்தாலும் அந்தக் கம்பிகள் தாமாகவே கூட முனகும். சுருதி கெட்ட கம்பிகள் கெட்ட சுருதியில் முனகும். அதனால் எஃப்புக்கு மேலிருந்த எல்லாக் கம்பிகளுக்கும் நடுவே நீளமான கம்பளிப் பட்டையைப் பின்னி ஊமையாக்கினேன். ஸயாஜிக்கு அந்த வயதில் இல்லாத கட்டைகள் எவையோ, அவை எல்லாம் இந்த வீட்டிலும் இல்லாமல் போயின.

சனிக்கிழமை கோ அவுன் லினுக்கு மிங்கலாடோனில் ஒரு பியானோவை இறக்கும் வேலை. "நீ தனியாப் போ" என்றார். கூடவே, "நின்னாலும் நிக்கலன்னாலும் முகத்துல காட்டாதே" என்று சேர்த்துக்கொண்டார். நான் காலையில் போய் மறுபடி சுருதி சேர்த்தேன். எஃப் இரவில் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏற்றினேன். நின்றது.

ஆனால் படம் எடுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் இருந்தது. மின்சாரம் வந்தால் சந்து முழுவதும் தண்ணீர் மோட்டார்கள் ஓடும். ஒரு வீட்டில் கரோக்கே பாடினார்கள். இன்னொரு வீட்டில் மிக்சி. மின்சாரம் போனால்தான் அமைதி.

எஸ்தர் அக்கா ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். "கரண்ட்டு வரணும்னு வேண்டுன வாயி. இப்பப் போகணும்னு வேண்டுறேன். மாதா கொழம்பிடப் போறா."

மின்சாரம் போனதும் தெரு முழுவதும் 'ஹா...' என்று ஒரு சலிப்பு எழுந்தது. அந்த வீட்டில் மட்டும் ஆனந்தம். அக்கா வெளியே ஓடினார். "கோழிய எல்லாம் கூடைக்குள்ள மூடிட்டேன்! மாவு இடிக்கறவளயும் நிறுத்தச் சொல்லிட்டேன்! ஆரம்பி, ஆரம்பி!"

முதல் முறை தொடங்கி இரண்டு பக்கம் போவதற்குள் தகரக் கூரையில் மழை கொட்டியது. நிறுத்தினாள். மழை ஓயும் வரை காத்திருந்தோம். அங்கிள் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்த பல்பை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். கூரையிலிருந்து கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு கிரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். நான் கைப்பேசியை அழுத்திவிட்டுப் பியானோவின் பக்கவாட்டில், படத்தில் தெரியாத இடத்தில், சாவியோடு நின்றேன். எதற்குச் சாவி? வாசிக்கும்போது தொட முடியாது. கை வெறுமையாக இருக்க வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

அந்தச் சொனாட்டாவின் முதல் பகுதியில் ஓரிடம் உண்டு. ஓர் இசைத்தொடர் படிப்படியாக ஏறும். முன்பு கீழ் ஸ்தாயியில் அது போன போக்கைக் கேட்டவர்களுக்கு, இப்போது அது இன்னும் ஒரு படி மேலே போகும் என்று தெரியும். காது அங்கே போய்க் காத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஸயாஜியிடம் அதற்கான கட்டை இல்லை. எஃப்பைத் தொட்டுவிட்டு, அந்தத் தொடர் மடங்கி, வேறொரு வழியாக இறங்கிவிடும். பிற்காலத்துப் பியானோவில் அந்தக் கட்டை இருப்பதால் சிலர் மேலே போய் வாசிப்பார்களாம். கிரேஸ் அவர் எழுதியபடியே வாசித்தாள். எத்தனையோ வீடுகளில் அந்த மேல்கட்டைகளுக்குச் சுருதி சேர்த்தவள் நான். அவை இல்லாததால் ஒரு மனிதன் கண்டுபிடித்த வளைவு எவ்வளவு அழகு என்று அன்று பகலில்தான் கேட்டேன். முகத்தில் காட்டவில்லை.

கடைசிப் பகுதியில் எஃப் நழுவத் தொடங்கியது. மூன்று கம்பிகளில் ஒன்று இறங்கியது. அலை எழுந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கிரேஸுக்கும் கேட்டது, அவளுடைய தோள் ஒரு கணம் இறுகியதைப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடங்களில் எஃப் வர வேண்டும். அங்கே உரக்க வாசிக்கும்படி தாளில் இருந்தது. அவள் முதல் தடவை கொஞ்சம் தணித்தாள். இரண்டாவது தடவை அதற்கு முந்தைய வரியிலிருந்தே ஒலியைக் குறைத்துக்கொண்டு வந்து, எஃப்பை வெறும் மூச்சு போலத் தொட்டுவிட்டு, கீழே இறங்கிய பிறகு முழு வலுவோடு முடித்தாள். அவள் கையை எடுத்தாள். நான் போய்க் கைப்பேசியை நிறுத்தினேன்.

அடுத்த நொடி மூடிய கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. எஸ்தர் அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "கேட்டியா? அதுக்கும் அடக்கிக்கத் தெரிஞ்சிருக்கு பாரு!"

அங்கிள் என்னிடம் வந்தார். "அந்த எஃப்பு கடைசியில..." என்று தொடங்கினார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

"மழை, அங்கிள்" என்றேன்.

கல்லூரியில் கிரேஸுக்கு இடம் கிடைத்தது. அவள் விமானம் ஏறிய செய்தியை அங்கிள் தொலைபேசியில் சொன்னபோது நான் ஒரு பள்ளிக்கூடப் பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்து, வேலையை நிறுத்திவிட்டு, ஒரு லப்பெயே தேநீர் வாங்கிக் குடித்தேன். தேநீர்க்கடைப் பையனிடம்கூடச் சொன்னேன், நான் சுருதி சேர்த்த பியானோவில் வாசித்த பெண் என்று. அதற்குப் பிறகும் சில வருடங்கள் எத்தனையோ பியானோக்கள், எத்தனையோ மழை. மணிக்கட்டு வலி முதலில் மாலைகளில் வந்தது, பிறகு காலைகளிலும் வந்தது. அந்தப் பாலத்தைப் பேருந்தில் கடக்கும்போதெல்லாம் அந்தக் கூடத்தின் அமைதியை நினைத்துக்கொள்வேன்.

கடையிலிருந்து விடைபெற்ற பிறகு, ஒரு மாலையில் அங்கிளின் வீட்டுக்குப் போனேன். பியானோவின் மூடியில் துணி போர்த்தியிருந்தது. உள்ளே நான் பின்னிய கம்பளிப் பட்டை அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அடுத்த விடுமுறைக்கு வர்றாளாம்" என்றார் அங்கிள். "அந்தப் பெரிய சொனாட்டா, அத இந்த வீட்ல நான் முழுசாக் கேக்கவே இல்லம்மா. ஒரு வருஷம் துண்டு துண்டாத்தான் கேட்டேன்." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட என் கை இருக்கும் நிலையைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

கடையில் இருந்திருந்தால் பலகை மாற்றும் வேலையைக் கடை ஏற்காது என்று சொல்லியிருப்பேன். இப்போது எனக்குக் கடை இல்லை. பலகையை நானே மாற்றப் போகிறேன், உதவிக்கு ஆள் வேண்டும் என்று கோ அவுன் லினிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சூசூவை அனுப்புவதாகச் சொன்னார். "அவ கையி, உன் காது" என்றார். தன்லியினில் படகு கட்டும் தச்சர் ஒருவர் இருக்கிறார். ஆணி நழுவாத மரம் எது என்று அவருக்குத் தெரியும். இரண்டு மாதிரித் துண்டுகளில் முளையை அடித்துச் சாவியால் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பியின்கடோ மரம் பிடித்த பிடியை அவர் கையிலேயே உணர்ந்து, தலையை ஆட்டினார்.

போன ஞாயிறு சூசூ சாவியைப் பிடிக்க, நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கம்பிகளை எல்லாம் தளர்த்திக் கழற்றிவிட்டோம். பழைய பலகையைத் தச்சர் பட்டறைக்குக் கொண்டுபோயாயிற்று. புதிய பலகையின் மேல் அதைப் படுக்க வைத்து, துளைகளுக்கு இடம் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். மேல்பகுதியிலிருந்துதான் தொடங்கினேன், எஃப்புக்கு மேலே உள்ள கட்டைகளிலிருந்து. இடது கையால் குறிக்கிறேன். கோடு நேராகத்தான் வருகிறது.